நெருப்பில்லாத கொப்பரை

மார்கழி விடிகாலையில் அடி அண்ணாமலையில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வரும். ஒன்று, ஒலிபெருக்கியில் திருவெம்பாவை. மாணிக்கவாசகர் அதைப் பாடியது இந்த மண்ணில்தான் என்பது எங்கள் நம்பிக்கை. கிரிவலப் பாதையில் அவருக்குத் தனிக் கோயிலே இருக்கிறது. இன்னொன்று, எங்கள் பெரியப்பாவின் கொட்டகையிலிருந்து வரும் கருப்பஞ்சாறு கொதிக்கிற வாசனை. பொங்கலுக்கு வெல்லம் வேண்டும் என்று ஊரே கேட்கும் காலம் அது. ராத்திரியெல்லாம் அடுப்பு எரியும். அடுப்பின் மேல் ஆளுயர அகலத்தில் இரும்புக் கொப்பரை. மலை உச்சியில் கார்த்திகை தீபம் ஏற்றுகிற பாத்திரத்துக்கும் கொப்பரை என்றுதான் பெயர். சின்ன வயதில் இரண்டும் ஒன்றே என்று நினைத்திருந்தேன்.

போன மார்கழியில் நான் ஊரில் இல்லை. கனடாவில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே ஒரு ராத்திரி, நெருப்பே இல்லாமல் சாற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்ராறியோ ஏரியின் தென்கரையில், நயாகரா அருவி விழுகிற இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், திராட்சைத் தோட்டங்கள் வரிசையாகக் கிடக்கின்றன. நம் கம்பம் பள்ளத்தாக்கில் இருப்பது போலப் பந்தல் இல்லை. கம்பி கட்டி, வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடியை ஏற்றியிருக்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை முடிந்துவிடும். சில வரிசைகளை மட்டும் விட்டுவிடுவார்கள். அவற்றின் மேல் வலை போர்த்தியிருக்கும். இலை உதிர்ந்து, பனி விழுந்து, பழம் சுருங்கி, பழுப்பேறிக் கொடியிலேயே தொங்கும். பழம் உறைய வேண்டும். உறைந்த பழத்தைப் பிழிந்து செய்வதுதான் ஐஸ் ஒயின்.

மகளுடைய தோழி அப்படி ஒரு சின்னத் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறாள். "எந்த நாள் என்று சொல்ல முடியாது அங்கிள், தெர்மாமீட்டர் சொல்கிற நாள்தான்" என்றாள். மைனஸ் 8 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கி அப்படியே நிற்க வேண்டும். ஒன்ராறியோவின் ஒயின் தரச் சட்டம் 1999-இல் வந்தது. அதன் விதிகளின்படி பழம் கொடியிலேயே இயற்கையாக உறைய வேண்டும். பறிப்பதும் பிழிவதும் அந்தக் குளிரிலேயே நடக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைத்து உறைய வைத்தால் அந்தப் பெயரைப் போட முடியாது. மூன்று வாரம் காத்திருந்தோம். ஒரு ராத்திரி மைனஸ் 6 வரை போய்த் திரும்பிவிட்டது. இன்னொரு ராத்திரி மழை. போகிக்கு இரண்டு நாள் முன்பு, சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது போன் வந்தது: "இன்றைக்குத்தான். கிளம்புங்கள்."

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. மைனஸ் 11. மூச்சு இழுத்தால் மூக்கின் உள்முடி விறைப்பது தெரிகிறது. இருபது பேர் தலையில் விளக்கு கட்டிக்கொண்டு வரிசைகளில் குனிந்திருந்தார்கள். பெரிய தோட்டங்களில் இதற்கு இயந்திரம் வந்துவிட்டது, இங்கே கைதான். ஒருவர் வலையைத் தூக்கிச் சுருட்டிக்கொண்டே போக, பின்னால் வருபவர் கொத்தைப் பிடித்து ஒடித்து, கீழே வைத்த பிளாஸ்டிக் பெட்டியில் போடுகிறார். கத்திரி அதிகம் தேவைப்படவில்லை. உறைந்த காம்பு பட்டென்று ஒடிகிறது. பெட்டியில் விழும் சத்தம் கோலிக்குண்டு கொட்டுகிற சத்தம்.

நான் ஒரு கொத்தைப் பிடிக்கக் கையுறையைக் கழற்றினேன். பக்கத்து வரிசையிலிருந்து ஒரு குரல்:

"ஐயோ அண்ணை, கழட்டாதேங்கோ! கம்பியிலை கை ஒட்டிப் போடும்."

யாழ்ப்பாணத் தமிழ். அறுபது வயதிருக்கும். தொண்ணூறுகளில் ஸ்கார்பரோவுக்கு வந்தவர். பகலில் ஒரு பொதி கட்டும் தொழிற்சாலையில் வேலை. இப்படிக் கூப்பிடும் ராத்திரிகளில் வேனில் வருகிறார். ஏன் இவ்வளவு தூரத்திலிருந்து ஆள் வர வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கனடாவின் பழத்தோட்டங்களைத் தாங்குவது ஜமைக்கா, மெக்சிகோவிலிருந்து பருவ வேலைக்கு வருபவர்கள். 1966-இல் ஜமைக்காக்காரர்களோடு தொடங்கிய திட்டம் அது. ஆனால் அவர்களுடைய அனுமதி அதிகபட்சம் எட்டு மாதம். டிசம்பர் 15-க்குள் ஊர் திரும்பிவிட வேண்டும். கோடை முழுக்க அந்தக் கொடியைக் கவாத்து செய்து, கட்டி, வலை போட்டவர்களில் பலர் அது உறைகிற ராத்திரியைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்கு உள்ளூர் மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள், இவரைப் போன்றவர்கள் என்று கிடைத்த கையெல்லாம் சேர்கிறது.

"எங்கடை அப்பா விடிய முதல் பனையிலை ஏறுவார்" என்றார் அவர், கொத்தை ஒடித்துக்கொண்டே. "வெயில் வந்தால் கருப்பணி புளிச்சுப் போடும். இஞ்சையும் அதுதான். வெயில் வந்தால் எல்லாம் போச்சு."

கருப்பணி என்று அவர் சொன்னது நம் பதநீரை. அவர் சொன்னது சரி. இந்த வேலைக்கு எதிரி சூரியன். பழம் கொஞ்சம் இளகினால் உள்ளே உறைந்த தண்ணீர் உருகிச் சாற்றோடு சேர்ந்துவிடும். அப்புறம் அது வெறும் முதிர்ந்த திராட்சைச் சாறு.

பெட்டிகள் நிறைந்ததும் கொட்டகைக்குப் போனோம். கொட்டகை என்றதும் என் கால் தானாகக் கதகதப்பைத் தேடியது. கதவெல்லாம் விரியத் திறந்து கிடந்தது. பிழிகிற இடத்திலும் வெளிக்குளிரே இருக்க வேண்டுமாம். பழத்தைக் கொட்டி, பிழிபொறியை மெதுவாக இறக்கினார்கள். முதலில் கல் உரசுகிற சத்தம் மட்டும். பத்து நிமிடம், இருபது நிமிடம், ஒன்றும் வரவில்லை. என் மகள் அடிக்கடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே குழாயில் ஒரு சொட்டு திரண்டு, விழ மனமில்லாமல் தொங்கி, விழுந்தது. நல்லெண்ணெய் மாதிரி. அடுத்தது. பிறகு நூலாக ஒழுகியது.

நடப்பது இதுதான். திராட்சையில் பெரும்பகுதி தண்ணீர். குளிர் ஏறும்போது தண்ணீர்தான் முதலில் கட்டியாகப் பிரிகிறது. சர்க்கரையும் புளிப்பும் மணமும் உறையாமல் மிச்சமுள்ள துளியில் ஒதுங்குகின்றன. பிழிந்தால் பனிக்கட்டி தோலோடு உள்ளேயே தங்கிவிடும். அந்தத் துளி மட்டும் வெளியே வரும். சாதாரண ஒயினுக்குக் கிடைக்கிற சாற்றில் ஆறில் ஒரு பங்கு கிடைத்தால் பெரிது. எங்கள் கொப்பரையில் தண்ணீர் ஆவியாக மேலே போகிறது. இங்கே கல்லாக உள்ளேயே நிற்கிறது. பத்து கிலோ கரும்புக்கு ஒரு கிலோ வெல்லம் என்பது பெரியப்பாவின் கணக்கு. இழப்பில் இரண்டு தொழிலும் சொந்தக்காரர்கள்.

தோட்டக்காரர் ஒரு சொட்டை எடுத்து, குழல் போன்ற ஒரு கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தார். அதை நான் ஊரிலேயே பார்த்திருக்கிறேன். சர்க்கரை ஆலை அலுவலர்கள் கரும்பு வயலில் வெட்டுக்கு முன் பிரிக்ஸ், அதாவது சாற்றின் சர்க்கரை அளவு, பார்க்கிற கருவி. நல்ல கருப்பஞ்சாற்றில் 18, 20 காட்டும். விதிப்படி ஐஸ் ஒயின் சாற்றுக்குக் குறைந்தது 35 வேண்டும். அவர் கருவியை என்னிடம் நீட்டினார். 39. பிழிதிறன் குறைவு என்று விலையில் கை வைக்கப்பட்ட எத்தனையோ கரும்பு விவசாயிகளை அறிந்த எனக்கு, அந்த எண்ணைப் பார்த்ததும் ஒரு ஆனந்தம் வந்தது. யாருடைய விளைச்சலாக இருந்தால் என்ன?

இந்த வித்தை தொடங்கியது ஜெர்மனியில். பலரும் சொல்லும் பழைய கதை ஃபிராங்கோனியாவில் 1794-ஐச் சேர்ந்தது. இன்னும் உறுதியாகத் தெரிவது ரைன் ஆற்றுப் பக்கம் டிரோமர்ஸ்ஹைம் என்ற ஊர். 1829-இல் விளைச்சல் மோசம். ஒயினுக்கு ஆகாது, மாட்டுக்காவது ஆகட்டும் என்று பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்கள். 1830 பிப்ரவரி 11 அன்று பறித்தபோது அதன் சாறு தேனாக இருந்தது.

நயாகராவுக்கு இதைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஆஸ்திரியாவில் பிறந்த கார்ல் கைசர். 1975-இல் டொனால்ட் ஸிரால்டோவோடு சேர்ந்து இன்னிஸ்கில்லின் என்ற ஒயின் ஆலையைத் தொடங்கினார். 1983-இல் அவர் விட்டுவைத்த பழத்தை முழுக்கப் பறவைகள் தின்றுவிட்டன. அடுத்த ஆண்டு வலை போட்டார், ஒயின் கிடைத்தது. 1989-ஆம் ஆண்டு விளைச்சலில் அவர்கள் செய்த விடால் ஐஸ் ஒயினுக்கு 1991-இல் பிரான்சின் போர்தோ நகரில் நடந்த வினெக்ஸ்போ கண்காட்சியில் உயரிய பரிசு கிடைத்தது. அதன் பிறகுதான் உலகம் நயாகராவைத் திரும்பிப் பார்த்தது. விடால் என்பது தோல் தடித்த வெள்ளைத் திராட்சை. காம்பை விடாமல் பிடித்துக்கொண்டு ஜனவரி வரை தொங்கும். அந்தப் பிடிவாதம்தான் அதன் சிறப்பு.

பிழிந்த சாற்றை நொதிக்க விடுவது தனிப் பாடு. ஈஸ்ட் இவ்வளவு சர்க்கரையில் திணறும். வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கில் மெல்ல வேலை செய்து, பத்துச் சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹாலோடு ஓய்ந்துவிடும். மிச்சச் சர்க்கரை அப்படியே இனிப்பாக நிற்கும். அதனால் அன்று பிழிந்ததை அன்று குடிக்க முடியாது. முந்தைய ஆண்டு ஒயினில் எனக்கு ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையின் அடி நனையும் அளவு ஊற்றினார்கள்.

நிறம், புதுத் தேன். முகர்ந்தால் மாம்பழம், கூடவே எங்கோ லிச்சி. நாக்கில் விழுந்ததும் முதலில் பாகு போன்ற இனிப்பு. திகட்டப்போகிறது என்று நினைக்கிற நொடியில் பின்னாலிருந்து ஒரு புளிப்பு எழுந்து அதைத் துடைத்துக்கொண்டு போகிறது. சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடி செய்கிறவர்களுக்கு இது புரியும். வெல்லம் மட்டும் போட்டால் பச்சடி ஆகாது. மாங்காயின் புளிப்புதான் வெல்லத்தைத் தாங்குகிறது. குளிர் சர்க்கரையை மட்டும் திரட்டுவதில்லை, புளிப்பையும் சேர்த்தே திரட்டுகிறது. சர்க்கரை கொட்டிச் செய்த போலிகளில் அந்தப் புளிப்பின் எழுச்சி இருக்காது என்றார் தோட்டக்காரர். போலி நிறைய வருகிறதாம். ஒல்லியான 375 மில்லி பாட்டில், அந்தத் தரச் சட்டப்படியான முத்திரை, விளைந்த ஆண்டு, திராட்சையின் பெயர் எல்லாம் பார்த்து வாங்க வேண்டும். நம் ஊரில் ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போட்டு மஞ்சளாக மின்ன வைத்த வெல்லத்தைத் தேடி வாங்குகிறார்கள். கறுத்த நல்ல வெல்லம் மூட்டையிலேயே கிடக்கிறது. கண்ணை நம்பி வாங்கியதில் நாக்கு தோற்பது எல்லா ஊரிலும் உண்டு.

நன்றாகக் குளிரவைத்து, சின்னக் குவளையில், சாப்பாட்டுக்குப் பிறகு குடிப்பது அங்கே வழக்கம். உப்புக் கரிக்கும் நீலப் பாலாடைக்கட்டியைத் தொட்டுக்கொள்கிறார்கள். என் சட்டைப்பையில் மனைவி வறுத்து அனுப்பிய உப்பு வேர்க்கடலை இருந்தது. எங்கள் மாவட்டத்து மல்லாக்கொட்டைக்கு அது அப்படிப் பொருந்தியது.

ஆனால் என் மனம் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டது. நெருப்பு கருப்பஞ்சாற்றை வேறொன்றாக மாற்றிவிடுகிறது. பச்சைக் கரும்பின் வாசம் போய், கருகலின் விளிம்பில் நிற்கிற புது வாசம் பிறக்கிறது. குளிர் எதையும் மாற்றுவதில்லை. பழத்தின் சொந்த வாசத்தையே கூர்மையாக்கி விடுகிறது. எனக்கு நெருப்பின் வாசம்தான் பிரியம். அக்னித் தலத்துக்காரன் வேறு எப்படிச் சொல்வான்? ஆனாலும் அந்த ஒரு வாய்க்குப் பிறகு குளிரின் மேல் மரியாதை வந்துவிட்டது.

நான் கொண்டுபோயிருந்த வெல்லத் துண்டில் பாதியை அந்த யாழ்ப்பாணத்து ஐயாவிடம் கொடுத்தேன். கையுறையோடே வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். ஓலைக் குட்டானில் வரும் பனங்கட்டியை அவர் கடைசியாகச் சாப்பிட்டு வருடங்கள் ஆகிவிட்டதாம். "இது பனங்கட்டி இல்லை. ஆனால் அடித்தொண்டையிலை அப்பிடியே நிக்குது" என்றார். இந்த ஒயினை வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

"ஒரு போத்தல் அம்பது அறுவது டொலர் அண்ணை. நாங்கள் புடுங்கிறதோடை சரி."

அவர் குரலில் வருத்தம் இல்லை. எனக்கு இருந்தது. எங்கள் கொட்டகையில் முதல் பாகு இறங்கியதும் கொட்டாங்குச்சியில் ஊற்றி, அடுப்புத் தள்ளுகிறவருக்குத்தான் முதலில் கொடுப்பார்கள். அதற்கு அப்புறம்தான் பெரியப்பாவுக்கே.

விடிவதற்குள் வரிசைகள் காலியாகிவிட்டன. தோட்டக்காரர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இந்தக் குளிரை இனி எவ்வளவு காலம் நம்பலாம் என்பது அவருடைய கவலை. ஜெர்மனியில் 2019 விளைச்சலுக்கு, நாட்டின் 13 ஒயின் வட்டாரங்களில் ஒன்றில்கூட ஐஸ் ஒயின் எடுக்க முடியவில்லை. அந்தக் குளிர்காலம் அவ்வளவு மிதமாகப் போய்விட்டது. தொழில் பிறந்த நாட்டிலேயே அப்படி. ஏரிக்கரையில் இன்னும் குளிர் வருகிறது. சில ஆண்டு டிசம்பரில், சில ஆண்டு பிப்ரவரி வரை காக்க வைத்து.

நான் ஊர் திரும்பியபோது தை பிறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. பெரியப்பா இப்போது இல்லை. கொட்டகையை அவர் பேரன் நடத்துகிறான். பாகு பார்க்கிறவர் மட்டும் அதே ஆள். என்னைத் தோளில் தூக்கி ஆலை காட்டியவர். ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீர்ச் சட்டியில் விட்டு, விரலால் உருட்டி, பதம் பார்ப்பதில் அவருக்கு நிகர் இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். துடுப்பை நிறுத்தாமல் கேட்டார்.

"அடுப்பே கெடையாதா தம்பி?"

"கெடையாதுண்ணா. குளிரே போதும்."

கொஞ்ச நேரம் நுரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சல்லடைக் கரண்டியால் அழுக்கை வழித்து ஓரத்தில் தட்டினார்.

"அப்போ பிழிஞ்ச சக்கைய இன்னா பண்றாங்க?"

"அந்த நெலத்துலயே கொட்டிடறாங்கண்ணா. பனி உருகுனா எருவாயிடும்."

தலையை ஆட்டினார். பிறகு அடுப்பு வாய்ப் பக்கம் திரும்பி, அங்கே குந்தியிருந்த பையனிடம், "இன்னும் ரெண்டு கை போடுப்பா, பதம் வருது" என்றார். அவன் காய்ந்த கரும்புச் சக்கையை அள்ளி உள்ளே தள்ளினான்.