அழைக்காமல் திரும்பியவர்கள்

விண்வெளியில் கப்பல் ஓட்டும் ஒரு சாகசத் தொடரைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதப் புறப்பட்டால், அதுவும் டெலிவிஷன் தொடரைப் பற்றி, நண்பர்கள் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். வெகுஜனக் கலாசாரம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்வது நம் பழக்கம். பழக்கம் முழுக்கத் தப்பானதும் இல்லை. அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் நாற்றம்தான் வருகிறது. இருந்தும், ஒட்டுறவே இல்லாத மனிதர்கள் எப்படி ஒருவருக்கொருவர் ஆகிப்போகிறார்கள் என்ற விஷயத்தில், சமீப வருஷங்களில் நான் படித்த எந்த நாவலும் செய்யாத தொந்தரவை ‘ஃபயர்ஃப்ளை’ என்ற அமெரிக்கத் தொடர் எனக்குச் செய்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரு சிறிய ஊர்க் கிளைக்கு மாற்றலாகி, வீடு கிடைக்காமல் லாட்ஜில் தங்கியிருந்த மூன்று மாதத்தில் இதைப் பார்த்தேன். நண்பர் ஒருவர் கொடுத்த டிவிடிகள். மொத்தம் 14 அத்தியாயங்கள்தான். 2002 செப்டம்பர் 20-ல் ஃபாக்ஸ் நிறுவனம் ஒளிபரப்ப ஆரம்பித்து, அதே டிசம்பர் 20-ல் நிறுத்திவிட்டது. 11 அத்தியாயங்களே காற்றில் போயின. மற்ற மூன்றும் ஜனங்களுக்கு முறையாகக் கிடைத்தது 2003 டிசம்பரில் டிவிடி வந்தபோது. அதை வாங்கியவர்கள் எழுப்பிய சப்தத்தில் 2005-ல் ‘ஸெரினிட்டி’ என்ற திரைப்படமாக ஒருமுறை மீண்டும் உயிர்பெற்று, அதோடு முடிந்தது.

இதைவிட முக்கியமான விபரம் ஒன்று உண்டு. முதலில் வரவேண்டிய இரண்டு மணி நேர ஆரம்பத்தை நிறுவனம் ஒதுக்கி வைத்து, கடைசி நாளில் போட்டது. யார் யார், எங்கிருந்து வந்தார்கள், ஏன் இந்தக் கப்பலில் ஏறினார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆகவே 2002-ல் பார்த்தவன் முதலில் பழகிப்போன மனிதர்களைப் பார்த்தான். அவர்கள் அந்நியர்களாக இருந்ததை மூன்று மாதம் கழித்துப் பார்த்தான். உறவை வளர்ச்சியாகக் காட்ட எழுதப்பட்ட ஒன்றை, வளர்ச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் மெக்கானிக் பெண் கேய்லி, புதிதாக ஒரு கம்ப்ரஷன் காயில் வாங்கினால் நன்றாயிருக்கும் என்கிறாள். காப்டன் மால் கேலி பேசித் தட்டிக் கழிக்கிறான். பின்னொரு அத்தியாயத்தில் அந்த காயிலின் ஒரு பாகம் வெடித்துத்தான் கப்பல் நடுவெளியில் செத்துக் கிடக்கிறது. ஒளிபரப்பில் பார்த்தவர்களுக்கு வெடிப்பு அக்டோபரில் வந்தது, கோரிக்கை டிசம்பரில் வந்தது.

விண்வெளிக் கப்பலின் சிப்பந்திகள் என்றதும் நினைவுக்கு வருவது 1966 முதல் 1969 வரை 79 அத்தியாயங்கள் ஓடிய ‘ஸ்டார் ட்ரெக்’. அங்கே கப்பலில் நானூற்றுச் சொச்சம் பேர். எல்லோருக்கும் சீருடை, பதவி, தலைமையகம், கட்டளைப் புத்தகம். கிர்க், ஸ்பாக், மக்காய் மூவரின் நட்பு எனக்கும் பிடித்ததுதான். ஆனால் அது தொடரின் துவக்கத்திலேயே தீர்மானமாகிவிட்ட நட்பு. தர்க்கத்துக்கு ஒருவர், உணர்ச்சிக்கு ஒருவர், இரண்டுக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல ஒருவர். வாராவாரம் ஆபத்து வந்து போனாலும் அடுத்த வாரம் அவர்கள் புறப்பட்ட இடத்திலேயே நிற்பார்கள். ஸ்தாபனம் அவர்களைச் சேர்த்து வைத்தது. ஸ்தாபனம் இருக்கிறவரை பிரிய மாட்டார்கள். பிரியக்கூடும் என்ற பயமே இல்லாத இடத்தில் சேர்ந்திருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அந்தத் தொடர் கேட்டுக்கொள்வதில்லை.

‘ஃபயர்ஃப்ளை’யில் ஸ்தாபனம் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. கதை நடப்பது 2517-ல். கிரகங்களையெல்லாம் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவர நடந்த யுத்தத்தில் தோற்ற பக்கத்துச் சிப்பாய் மால். தோல்வி நிச்சயமான பள்ளத்தாக்கின் பெயர் ஸெரினிட்டி. பிறகு வாங்கிய பழைய சரக்குக் கப்பலுக்கு அந்தப் பெயரையே வைக்கிறான். யுத்தத்தில் கூட இருந்த ஸோயியும் அவனும் தவிர, வேறு யாரும் விசுவாசத்தினால் அங்கே வந்தவர்கள் இல்லை. வாஷ் சம்பளத்துக்குக் கப்பல் ஓட்ட வந்தவன். ஸோயிக்கு முதல் பார்வையிலேயே அவனைப் பிடிக்கவில்லை, பின்னால் அவனையே கல்யாணம் செய்துகொள்கிறாள். ஜெய்ன் மாலைக் கொள்ளையடிக்கத் துப்பாக்கியோடு நின்றவன். கூடுதல் பங்கும் தனி அறையும் தருவதாகச் சொன்னதும், அங்கேயே கூட்டாளியின் காலில் சுட்டுவிட்டுக் கட்சி மாறுகிறான். இனாரா அங்கீகாரம் பெற்ற கணிகை. கப்பலோடு ஒட்டிய சிறு ஓடத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். பாதிரியார் புக் டிக்கெட் வாங்கிய பிரயாணி. டாக்டர் சைமன், அரசாங்கத்தின் பிடியிலிருந்து மீட்ட தங்கை ரிவரைப் பெட்டிக்குள் வைத்துக் கடத்தி வருகிறவன். கூலி, பங்கு, வாடகை, டிக்கெட், தலைமறைவு. ஒன்பது பேரைச் சேர்த்தது இவைதான். அன்பு என்ற சொல்லை யாரும் எடுப்பதில்லை.

நான் குறிப்பிட்ட வெடிப்பு வரும் அத்தியாயத்தின் பெயர் ‘அவுட் ஆஃப் கேஸ்’. எழுதியவர் டிம் மினியர். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சைமனுக்குப் பிறந்தநாள், கேய்லி கேக் செய்திருக்கிறாள். அப்போது வெடிக்கிறது. காற்று இன்னும் சில மணி நேரத்துக்குத்தான். இருக்கிற இரண்டு ஓடங்களில் எட்டுப் பேரையும் ஏற்றி, எதிரெதிர் திசைகளில் அனுப்பிவிட்டு மால் மட்டும் தங்குகிறான். உதவி வந்தால் ஓடங்களைத் திரும்ப அழைப்பதற்கு ஒரு பொத்தானை வாஷ் பொருத்தி வைத்துவிட்டுப் போகிறான். உதவி என்று வந்தவனே மாலைச் சுட்டுவிடுகிறான். எப்படியோ பாகத்தை வாங்கி, வயிற்றிலிருந்து ரத்தம் வழிய எஞ்சின்வரை ஊர்ந்துபோய்ப் பொருத்தி, பொத்தானை நோக்கி வருகிறான். அழுத்துவதற்கு முன் விழுந்துவிடுகிறான். கண் விழிக்கும்போது சுற்றிலும் எல்லோரும் நிற்கிறார்கள். நான் உங்களைக் கூப்பிட்டேனா என்று கேட்கிறான். இல்லை என்கிறார்கள். கட்டளையை மீறியது தன் பொறுப்பு, இனிமேல் நடக்காது என்று ஸோயி சிப்பாயின் குரலில் சொல்கிறாள். அவன் தூங்கப் போகுமுன், விழிக்கும்போதும் இங்கேயே இருப்பீர்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறான்.

இதில் கண்ணீருக்கு இடமிருக்கிறது, எழுதியவர் அதைத் தவிர்க்கவும் இல்லை. ஆனால் இந்தச் சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவே, ஒவ்வொருவரும் எப்படிக் கப்பலுக்கு வந்தார்கள் என்ற பழைய சம்பவங்களைத் துண்டு துண்டாகச் சொருகியிருக்கிறார். அற்பமான பேரங்கள். பேரத்தில் வந்தவர்கள்தான் அழைக்காமல் திரும்புகிறார்கள். பேரம் எந்த நிமிஷத்தில் வேறொன்றாக மாறியது என்று தொடர் எங்கும் சுட்டிக்காட்டவில்லை. அப்படி ஒரு நிமிஷம் இல்லையென்பதுதான் அதன் பார்வை என்று நினைக்கிறேன்.

இதை நான் வேறு தளத்தில் அறிந்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் கிளையில் கேஷ் டாலி ஆகவில்லை. 4500 ரூபாய் குறைகிறது. கவுண்டரில் இருந்தது நான். குறைந்தால் என் கையிலிருந்து கட்ட வேண்டும். ஒரு லீவு விவகாரத்தில் என்னோடு இரண்டு மாதமாகப் பேசாமலிருந்த அம்மாள், தன் வேலை முடிந்தும் கிளம்பாமல் உட்கார்ந்து சலான்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மானேஜரும் பியூனும் கட்டுகளை மறுபடி எண்ணினார்கள். எட்டரை மணிக்கு ஒரு சலானை என் முன்னால் வைத்து, “இந்தாங்க சார், ஒரு சைபர் கூடப் போட்டிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஐந்நூறை ஐயாயிரம் என்று பதிந்திருக்கிறேன். மறுநாளே நாங்கள் சிநேகிதமாகிவிட்டோம் என்று எழுதினால் அது பத்திரிகைக் கதை. பேச இன்னும் ஒரு வாரமாயிற்று. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்கு அவரிடம் என்ன பெயர் வைத்திருக்கிறார் என்று நான் கேட்டிருந்தால், வேலை என்றுதான் சொல்லியிருப்பார்.

இன்னொரு இடம், ‘ஏரியல்’ அத்தியாயம். ஜெய்ன் வெகுமதிக்காகச் சைமனையும் ரிவரையும் காட்டிக்கொடுக்கிறான். திட்டம் பாழாகி எல்லோரும் தப்பி வந்தபிறகு, மால் மட்டும் விஷயத்தைப் புரிந்துகொள்கிறான். ஜெய்னை வெளிக்கதவுப் பக்கம் அடைத்துவைத்து, கப்பல் மேலேறும்போது கதவைத் திறந்து விடுகிறான். ஜெய்ன் பயமுறுத்துகிறான், சமாதானம் சொல்கிறான், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், நான் செய்ததை மற்றவர்களிடம் சொல்லாதே, வேறு ஏதாவது சொல்லிவிடு என்கிறான். அதற்குப் பிறகுதான் மால் கதவை மூடுகிறான். சாவைவிட அந்த மேஜையில் இருக்கிறவர்களின் முகம் அவனுக்குப் பெரிதாகிவிட்டது. அவன் திருந்தவில்லை, தொடர் அப்படியொரு பாசாங்கும் செய்யவில்லை. வெட்கப்படுவதற்கு நாலு பேர் கிடைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 2002-ல் ஒளிபரப்பாகாத ‘ட்ராஷ்’ அத்தியாயத்தில், துரோகத்தைத் தெரிந்துகொண்ட சைமன், அடிபட்டுக் கிடக்கும் அதே ஜெய்னிடம், என் சிகிச்சை மேஜையில் நீ இருக்கும்வரை உனக்கு என்னால் தீங்கில்லை என்கிறான். மன்னிப்பு என்று இதைச் சொல்ல முடியாது. மன்னிப்பைவிடக் குறைவானது, நாள்பட நிற்கக்கூடியதும்கூட.

குறைகளைச் சொல்லாவிட்டால் இது ரசிகர் மன்றத் துண்டுப் பிரசுரமாகிவிடும். இந்த எதிர்காலத்தில் எல்லோரும் சீன மொழியில் திட்டிக்கொள்கிறார்கள். ஆனால் ஒன்பது பேரில் ஒருவராவது சீன முகமாக இல்லை. தோற்ற சிப்பாய்களின் கௌரவம் என்ற எண்ணம் கெட்டிஸ்பர்க் யுத்தத்தைப் பற்றிய மைக்கேல் ஷாராவின் 1974 நாவல் ‘தி கில்லர் ஏஞ்சல்ஸ்’ படித்ததில் பிறந்தது என்று தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் சொல்லியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் தோற்ற பக்கம் அடிமைமுறைக்காக நின்ற பக்கம். அடிமைமுறையைக் கழுவிவிட்டுத் தோல்வியின் அழகை மட்டும் எடுத்துக்கொள்வது சௌகரியமான கழித்தல். வீடனின் வேறு படைப்புகளில் நடித்தவர்கள், படப்பிடிப்பில் அவர் குரூரமாக நடந்துகொண்டதாக 2020, 2021-ல் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்கள். சேர்ந்திருப்பதைப் பற்றி இவ்வளவு அறிந்து எழுதியவர் மேல் இப்படியொரு குற்றச்சாட்டு. படைப்பு வேறு, படைத்தவன் வேறு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அறிந்திருப்பதும் செய்வதும் வேறு வேறு என்பதற்கு நானும் ஒரு சாட்சி என்பதால் மேலே போகிறேன்.

2014-லிருந்து 2017 வரை நாங்கள் ஐந்து பேர் ஒரு பத்திரிகை நடத்தினோம். ஆறு இதழ்கள். ஆசிரியர் எங்களைவிட இருபத்தைந்து வயது பெரியவர், பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து புரூஃப் பார்ப்போம், சண்டை போடுவோம், இதழ்களை மடித்து ஸ்டாம்ப் ஒட்டுவோம். அந்த வீட்டு உப்புமாவை ஞாபகம் வைத்துக்கொள்ளாத ஆள் எங்களில் இல்லை. ஆறாவது இதழ் வந்த பிறகு ஒருநாள், “போதும்ப்பா. இனிமே யாரும் வர வேண்டாம். அவங்கவங்க எழுத்தைப் பாருங்க” என்றார். அச்சகத்துக்குப் பாக்கி இருந்தது எங்களுக்குத் தெரியும். எவ்வளவு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பாரம் எங்கள்மேல் விழக்கூடாது என்றுதான் அனுப்புகிறார் என்பதும் தெரியும். அவருடைய சுயமரியாதையை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு நாங்கள் ஐந்து பேரும் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தோம். இப்போதும் ஏதாவது கூட்டத்தில் சந்தித்தால் அவரைப் பற்றி மிகுந்த மரியாதையோடு பேசிக்கொள்கிறோம்.

லாட்ஜில் அந்த அத்தியாயத்தைப் பார்த்து முடித்த ராத்திரி எனக்கு மாலின் மேல் இரக்கம் வரவில்லை. ஸோயியின் மேல் பொறாமைதான் வந்தது. கட்டளையை மீற அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

சந்தா கட்டாதவர்களுக்கும் இந்த இதழ் போகிறது என்று இதன் ஆசிரியர் சொன்னார். அப்படியானால் அவருக்கும் போகும். தபால் போய்ச் சேர்வதற்கு முன்னால் நான் போக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு பஸ் இருக்கிறது.