கார்னர் ஆட்டக்காரனோட முழங்கால்

கபடி பாக்குறப்ப நம்ம கண்ணு ரெய்டர் பின்னாடியே போகும். இந்த த்ரெட் ஏழு பேர் வரிசையில ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற கார்னர் ஆட்டக்காரங்களைப் பத்தி. 20 வயசுப் பையன் ஒருத்தனைப் பாத்து, இவன் புரோ கபடிக்குத் தேறுவானான்னு எப்படிச் சொல்றது? கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க.

முதல்ல கார்னர் என்ன பண்றார்னு பாப்போம். ரெய்டர் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைப்பார். அப்ப இன்னொரு கால் அந்தரத்துல இருக்கணும், அதுதான் விதி. ஒத்தைக் கால்ல நிக்கிற அந்த அரை நொடிதான் கார்னருக்குச் சாப்பாடு. பாய்ஞ்சு ரெண்டு கையாலயும் கணுக்காலைக் கவ்விட்டா, மத்தவங்க வந்து மேல விழுந்துடுவாங்க. அரை நொடி முன்னாடி பாய்ஞ்சா, ரெய்டர் காலை இழுத்துக்கிட்டு உங்க கையைத் தொட்டுட்டுப் போயிடுவார். அதுக்குப் பேரு அட்வான்ஸ் டேக்கிள். கோச்சுங்க தலையில அடிச்சுக்கிற தப்பு அதுதான்.

ஆக கார்னரோட வேலையில பெரும்பகுதி காத்திருக்கிறது. ஒரு ரெய்டு 30 நொடி. அத்தனை நொடியும் முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, முன்பாதத்துல எடையை வச்சு நிக்கணும். வீட்டுல ஒரு தடவை செஞ்சு பாருங்க, 15 நொடியில தொடை நடுங்கும்.

நம்ம தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதன் 2016-ல பாட்னா பைரேட்ஸ் கேப்டனா கோப்பை வாங்கினப்ப வயசு நாப்பதைத் தாண்டியிருந்துச்சு. பாதி வயசுப் பசங்களை அவர் வேகத்துல ஜெயிக்கல, பொறுமையில ஜெயிச்சார். 2018 ஏலத்துல முதல்முதலா ஒரு கோடியைத் தொட்டவரும் ரெய்டர் கிடையாது. ஃபசல் அத்ராச்சலி, ஈரான்காரர், இடது கார்னர். யு மும்பா எடுத்துச்சு.

கார்னரை எடை போடுறதுல ஒரு சிக்கல் இருக்கு. டேக்கிள் பாயிண்டை எண்ணிடலாம். ஆனா நல்ல கார்னர் பக்கம் ரெய்டர் போகவே மாட்டார். அன்னிக்கு அவர் கணக்குல ரெண்டே பாயிண்ட்தான் இருக்கும். அமெரிக்க ஃபுட்பால்லயும் கார்னர்பேக்னு ஓரத்துல நிக்கிற ஒரு இடம் உண்டு, அங்கயும் இதே தலைவலிதான். காலேஜ் பசங்களை எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்க வருஷா வருஷம் இண்டியானாபொலிஸ்ல 'கம்பைன்'னு ஒண்ணு நடத்துறாங்க. ஓட்டம், குதிப்பு எல்லாம் டிவியில வரும். ஆனா அந்த ஏற்பாடே எல்லா டீம் டாக்டர்களும் ஒரே இடத்துல பசங்க உடம்பைச் சோதிக்கணும்னுதான் ஆரம்பிச்சது.

இங்க? கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியில ஃபைனல் ஆடுற பசங்க ஏலப் பட்டியலுக்கு வர்றது உண்டு. நியூ யங் பிளேயர்னு ஒரு வழி உண்டு. அது வரைக்கும் வந்துட்டா டீம் பிசியோ பாத்துப்பார். அதுக்குக் கீழ, ஊர் டீம்ல இருந்து மாவட்டம், மாவட்டத்துல இருந்து மாநிலம்னு ஏறுற பையனுக்கு மருத்துவப் பரிசோதனைன்னா எங்க ஓபியில வாங்குற ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட்தான். பி.பி., நாடி, நெஞ்சுல ஸ்டெத், கையெழுத்து.

அப்படி ஒரு சர்ட்டிபிகேட்டுக்குத்தான் வடக்குப்பட்டுப் பக்கத்துல இருந்து ஒரு பையன் வந்தான். (ஆள் தெரியாத மாதிரி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ஒரகடத்துல ஒரு கம்பெனியில கான்ட்ராக்ட் வேலை, மாசம் 15,000. ஷிப்ட் முடிச்சு சாயங்காலம் கபடி. கடைசியா நடந்த சீசன்கள்ல ஏலத்தோட கடைசிப் பிரிவுக்கே அடிப்படை விலை 9 லட்சம். அவனுக்கு அது அஞ்சு வருஷச் சம்பளம்.

"பத்து நாள்ல செலக்‌ஷன் சார். முட்டி லேசா வலிக்குது. ஒரு ஊசி போட்டு சர்ட்டிபிகேட் குடுத்துடுங்க."

கூட வந்த கோச் நல்ல மனுஷன், கைக்காசு போட்டு டீம் நடத்துறவர். "கைப்பிடி இரும்பு சார். ஆனா இப்பல்லாம் அவசரப்படுறான். எல்லாமே அட்வான்ஸ். சொன்னா கேக்க மாட்டேங்குறான்."

நானும் ஸ்கூல்ல கார்னர் ஆடினவன். ஆர்வத்துல போன்ல வீடியோ காட்டச் சொன்னேன். பொங்கல் போட்டி வீடியோவுல பையன் பாறை மாதிரி உக்காந்திருக்கான், ரெய்டர் கிட்ட வர்ற வரைக்கும் அசையல. போன வாரத்து வீடியோவுல நாலஞ்சு நொடிக்கு ஒரு தடவை எழுந்துக்குறான். எடை இடது காலுக்குப் போகுது. எழுந்த வேகத்துலயே பாயுறான்.

"தம்பி, பேன்டைச் சுருட்டு"ன்னு சொல்லி இஞ்ச் டேப் எடுத்தேன். முழங்கால் சில்லுக்கு மேல 10 சென்டிமீட்டர்ல ரெண்டு தொடையையும் அளந்தேன். வலது தொடை ரெண்டரை சென்டிமீட்டர் கம்மி. அந்தக் காலை அவன் முழுசா ஊன்றியே பல வாரம் ஆயிருக்கணும்.

அப்புறம்தான் கதை வெளிய வந்துச்சு. மூணு மாசத்துக்கு முன்னாடி மேட்ல ஒரு போட்டி. மண் தரையில கால் வழுக்கும், திரும்பும். மேட்ல ஷூ போட்டா பாதம் அப்படியே பிடிச்சுக்கும், உடம்பு மட்டும் திரும்பும், நடுவுல முட்டி முறுக்கிக்கும். "டப்"னு ஒரு சத்தம். அன்னிக்கு சாயங்காலமே வீக்கம். நாட்டுக்கட்டு, ரெண்டு வாரம் ரெஸ்ட், மறுபடி மைதானம்.

விளையாடுற பிள்ளைங்க வீட்டுல இருந்தா இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. முட்டி முறுக்கி, சத்தம் கேட்டு, அன்னிக்கே வீங்கினா, ஏசிஎல் ஜவ்வு கிழிஞ்சிருக்குன்னு சந்தேகப்படணும். வீக்கம் வத்திட்டா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. படுக்க வச்சு, முட்டியை லேசா மடக்கி, கெண்டைக்காலை முன்னாடி இழுத்துப் பாப்போம். நல்ல முட்டி ஒரு இடத்துல கயிறு இழுத்த மாதிரி நிக்கும். இவனுக்கு நிக்கல, வந்துக்கிட்டே இருந்துச்சு. மெடிக்கல் காலேஜ் எலும்பு டாக்டர்கிட்ட அனுப்பி, எம்ஆர்ஐ எடுத்ததுல ஏசிஎல் முழுசாக் கிழிஞ்சிருந்தது. மெனிஸ்கஸும் கிழிஞ்சிருந்தது. மடக்கி உக்காந்தா அந்த மெனிஸ்கஸ்தான் குத்தும்.

அவனால காத்திருக்க முடியல. கோச் அதை அவசரக் குணம்னு எழுதி வச்சிருந்தார்.

சர்ட்டிபிகேட்ல 'தற்போது விளையாடத் தகுதி இல்லை'ன்னு எழுதினேன். பையன் ஒண்ணும் பேசல. கோச்தான் கேட்டார், "ஒரே ஒரு நாள் சார், செலக்‌ஷன் மட்டும் முடிச்சுக்கட்டுமே?" ஜவ்வு இல்லாத முட்டியில ஒரு தடவை பிசகினாலும் மிச்சமிருக்கிற மெனிஸ்கஸும் போயிடும், அப்புறம் 35 வயசுல படி ஏற முடியாதுன்னு சொன்னேன். அவர் கேட்டதுல தப்பு இல்லன்னுதான் இப்பவும் நினைக்கிறேன். அடுத்த வருஷம் இவன் வயசு, இவன் வேலை, எதுக்கும் உத்தரவாதம் கிடையாது.

பவன் ஷெராவத்தை 2022-ல தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தாங்க. முதல் மேட்ச்லயே முழங்கால் போச்சு, சீசன் முழுக்க வெளிய. அடுத்த வருஷம் ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குக் கேப்டனாத் தங்கம் வாங்கினார், ஏலத்துல 2.6 கோடிக்கு மேல போனார். அதனால முட்டி போனா ஆட்டம் முடிஞ்சதுன்னு யாரும் சொல்லாதீங்க. ஆனா பவனுக்குப் பின்னாடி பெரிய ஏற்பாடு இருந்துச்சு. நம்ம பையனுக்கு இருந்தது ஒரு இஎஸ்ஐ கார்டு. அதுவே பெரிய விஷயம், நிறைய கான்ட்ராக்ட் பசங்களுக்கு அதைப் பத்தித் தெரியறதே இல்ல. ஆபரேஷன் செலவு போக, தகுதி இருந்தா வருஷத்துல 91 நாள் வரைக்கும் 70 சதவீதச் சம்பளமும் உண்டு. இவனுக்குக் கிடைச்சுது. வேலையில திரும்ப எடுத்துக்கல, அது தனிக் கதை.

ஆபரேஷன் முடிஞ்சு இது அஞ்சாவது மாசம். குறைஞ்சது ஒம்பது மாசம் ஆகணும், ரெண்டு தொடையும் கிட்டத்தட்ட ஒரே பலத்துக்கு வரணும், ஒத்தைக்கால்ல குதிச்சு சரியா இறங்கணும். அதுக்கப்புறம்தான் மேட். நேத்து அளந்தப்ப வித்தியாசம் ஒன்றரை சென்டிமீட்டர்.

போன வாரம் கோச் வேற ரெண்டு பசங்க வீடியோவை அனுப்பி, "முட்டி எப்படி இருக்கு பாருங்க சார்"னு கேட்டிருந்தார். போன்ல பாத்துச் சொல்ல முடியாது, திங்கக்கிழமை ஓபிக்குக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்கேன்.