ஐந்தாவது தகடு

அரசுக் கப்பல்களில் குழாய் பொருத்துபவனாக இருபத்தெட்டு ஆண்டுகள் உழைத்தேன். கடல்நீர் அரித்த இரும்புக் குழாய்களை அகற்றி, 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் கலந்த குழாய்களைப் பொருத்துவோம். அவை இரும்பை நேரே தொட்டால் இரும்பு முன்னிலும் விரைந்து அரிக்கும். ஆதலால் இணைப்புதோறும் மின்னோட்டம் கடவாத வளையம் இட்டுப் பிரிக்க வேண்டும்.

ஒருமுறை தீயணைப்புக் குழாய்த் தொடரில் வேலை. கழற்றும்போது நீர் புகாதிருக்க ஐந்து அடைப்புத் தகடுகளைப் பிளாஞ்சுகளுக்கிடையே செருகியிருந்தேன். வேலை முடித்து வீடு திரும்பிக் கை கழுவுகையில்தான் உறைத்தது: பையில் நான்கே இருந்தன! அழுத்தச் சோதனையில் கசிவு தெரியவில்லை, எங்ஙனம் தெரியும்? தகடுதான் நீரை மறித்து நின்றதே. விடிந்தால் கப்பல் புறப்பட்டுவிடும். நடுக்கடலில் தீப்பற்றினால் இயந்திர அறைக்கு ஒரு சொட்டு நீரும் வராது.

"இப்போது போய்ச் சொன்னால் உங்கள் வேலைக்குத் தீங்கு வராதா?" என்று மனைவி கலங்கினாள். மிதிவண்டியில் ஏறினேன்.

கப்பலின் பொறியாளர் என் சொற்களைக் கேட்டதும், ஒன்றும் பேசாது கைவிளக்குடன் முன்னே நடந்தார். தகட்டை எடுத்து, புது கேஸ்கட் இட்டு, பம்பை இயக்கிக் கடைக்கோடி வால்வில் நீர் பீறிட்டபோது மணி இரண்டு.

மறுவாரம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. நடந்ததை உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன்.