கைதானவர் எல்லாம் குற்றவாளி அல்ல

அமெரிக்காவில் கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி. அங்கே பல கவுண்டிகளில் ஒருவரைக் கைது செய்து சிறையில் பதிந்ததும், ஷெரிப் அலுவலக இணையதளத்தில் அவர் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் வந்துவிடும். பெயரைப் போட்டுத் தேடினால் ஆள் எங்கே என்று குடும்பத்துக்குத் தெரிந்துவிடும். மகனைத் தேடி ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்த அம்மாக்களோடு நானும் அலைந்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் பல இடங்களில் முகப்படத்தையும் சேர்த்தே போடுகிறார்கள். வழக்கு தள்ளுபடியானாலும் படம் இணையத்தில் நிற்கிறது. தனியார் தளங்கள் அதை எடுத்துப் போட்டு, நீக்கப் பணம் கேட்டன. தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகக் கைதாகும் கறுப்பின மக்களுக்கே இதில் கூடுதல் அடி. சான் பிரான்சிஸ்கோ காவல்துறை, பொதுப் பாதுகாப்புக்கு அவசியமானால் தவிர இப்படங்களை வெளியிடுவதில்லை என்று 2020-இல் அறிவித்தது.

நம் நாட்டில் பிஎன்எஸ்எஸ் 37-ஆவது பிரிவு, கைதானவரின் பெயர், முகவரி, குற்றச்சாட்டை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. டிஜிட்டல் வடிவிலும் வைக்கலாம். தோழர்களே, அந்தத் தகவலை உரிமையோடு கேளுங்கள். கூடவே, முகவரியை ஊருக்கே காட்டாதே என்றும் கேளுங்கள். நம்மூரில் தெருப் பெயரே சாதியைச் சொல்லிவிடும்.