யார் செய்த பாவம்? – கல்முனைக் கரையில் ஒரு நாள்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போனால் ஏறத்தாழ 40 கிலோமீற்றர். தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்கம் கடல், வலப்பக்கம் வாவி. கல்லாற்றைத் தாண்டிப் பெரியநீலாவணையை அடைந்ததும் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. வாவி போய் வயல்வெளி வருகிறது. பிறகு மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று ஊருக்குமேல் ஊர். ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூரவர்களுக்குத் தெரியாது. ஊரவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன முஸ்லிம் ஊர். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் தீமிதிப்பு நடக்கும் தமிழ் ஊர். கல்முனைக்குடியில் கடலோரமாகவே கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூர் ஆண்டகையின் பேரில் அங்கே ஆண்டுதோறும் கொடியேற்றுவார்கள். காரைதீவு சுவாமி விபுலானந்தர் பிறந்த மண். இவர்களுக்கு நடுவே கல்முனையில் கிறிஸ்தவர்களாகிய நாங்களும் இருக்கிறோம். எண்ணிக்கையில் சிறியவர்கள். எங்கள் ஆலயங்களும், கார்மேல் பற்றிமா, வெஸ்லி என்ற பாடசாலைகளும் இந்த ஊரின் பழைய அடையாளங்கள்.

தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்கிறோம் என்று இங்கே மேடைக்கு மேடை சொல்வார்கள். நானும் கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2019ஆம் ஆண்டுக்குப் பிறகு பல வருடங்கள் நான் மருதமுனைக்குப் போகவேயில்லை. கடந்த டிசம்பர் மாதம் 26ஆம் திகதிதான் மீண்டும் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றியே சகோதரிகளுடன் பேச விரும்புகிறேன்.

கடல் வந்த காலை

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு மறுநாள். அப்போது நான் பாடசாலைச் சிறுமி. அன்று காலை வந்த ஆழிப்பேரலையில் இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் இதுதான்.

அதற்கு ஒரு காரணம் இங்குள்ள நெருக்கம். மேற்கே வயல், கிழக்கே கடல். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில் வீட்டோடு வீடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கிழக்கு மாகாணத்தில் தமிழரானாலும் முஸ்லிமானாலும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பது வழக்கம். தாயின் வளவிலேயே மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளையவளுக்கு ஒரு வீடு. அதனால் அலை வந்தபோது தாய், மகள்மார், பேரப்பிள்ளைகள் என்று ஒரு வளவே ஒன்றாகப் போனது. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களுமே அதிகம்.

சடலங்களை அடக்கி முடியுமுன்பே அடுத்த கேள்வி வந்துவிட்டது: இது யார் செய்த பாவம்? நத்தார் இரவில் குடித்துக் கூத்தாடியதற்குத் தண்டனை என்று ஓர் ஊழியக்காரர் எங்கள் மத்தியில் பிரசங்கித்தது இன்றும் என் காதில் இருக்கிறது. மற்றவர்களும் தத்தமக்குப் பிடிக்காதவர்களின் குற்றத்தை எடுத்துச் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு அகதி முகாமில் உட்கார்ந்திருந்தார்கள்.

மனிதன் வந்த காலை

பஸ் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்ட சிறிது நேரத்தில் காத்தான்குடி வரும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 260க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதை நடத்திய குழுவின் தலைவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர். சீயோனில் ஞாயிறு பாடசாலை முடிந்து முற்றத்தில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டு நின்ற பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் ஒரு பிள்ளையின் குடும்பத்தை எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் என் கால் மருதமுனைப் பக்கம் போக மறுத்தது. அங்கே எங்கள் பெண்கள் குழுவில் எனக்கு மிக நெருக்கமான ஒரு ராத்தா இருந்தார். அவருடைய தொலைபேசி அழைப்புகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்தினேன். அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று என் அறிவுக்குத் தெரியும். சமூகவியல் படித்தவள் நான். ஒரு சிலரின் குற்றத்தை ஒரு சமூகத்தின்மேல் சுமத்தக்கூடாது என்று மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்தவள். ஆனால் மனம் கேட்கவில்லை.

காத்தான்குடியைக் கடக்கும்போது இன்னொன்றையும் நினைக்க வேண்டியிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, இதே ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் என் மொழி பேசியவர்கள். அதே மாதம் 12ஆம் திகதி வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். வழிபடும் இடத்தில் இரத்தம் சிந்தாத சமூகம் இந்தக் கரையில் இல்லை.

இயேசுவிடம் கொண்டுபோன செய்தி

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத் தொடக்கத்தைச் சகோதரிகள் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். சிலர் இயேசுவிடம் ஒரு செய்தியுடன் வருகிறார்கள். பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர்களை ஆளுநன் பிலாத்து கொன்றுவிட்டான் என்பது செய்தி. வழிபாட்டு நேரத்தில் நடந்த கொலை. அவரோ அதனுடன் இன்னொரு செய்தியையும் சேர்த்துக்கொள்கிறார்: சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் இறந்தது. அது எவரும் செய்த கொலை அல்ல, விபத்து.

எங்களுக்கு 2019இல் நடந்தது முதலாவது வகை. 2004இல் நடந்தது இரண்டாவது வகை. இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே கேள்வியைக் கேட்கிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? இல்லை என்று தாமே பதிலும் சொல்கிறார். பிறகு செத்தவர்களை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார்.

ஏன் கோபுரம் விழுந்தது, ஏன் கடவுள் தடுக்கவில்லை என்பதற்கு அங்கே விளக்கம் இல்லை. எனக்கு இது நெடுநாள் குறையாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை. அவர் ஒரு கதவை மூடியிருக்கிறார்: துன்பப்பட்டவனின் பாவக்கணக்கைப் பார்க்கும் கதவு. அதை மூடினால்தான் நாம் அவனுடைய வீட்டுக்குள் போகலாம்.

ராத்தாவின் முற்றத்தில்

டிசம்பர் 26 இப்போது தேசிய பாதுகாப்பு தினம். காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌன அஞ்சலி. அந்த இரண்டு நிமிடமும் நான் பஸ்ஸில் இருந்தேன். மருதமுனையில் இறங்கி, தறிச் சத்தம் கேட்கும் ஒழுங்கையால் நடந்து ராத்தாவின் வீட்டு வாசலில் நின்றேன். என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருந்த ஒன்றும் வாயில் வரவில்லை.

"வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க" என்றார். பிளேன்ரீ ஊற்றித் தந்தார். வெகுநேரம் கழித்துத்தான் பேசினார்.

"நான் கோவிக்கல்ல. அந்தப் புள்ளைகள்ற படத்தப் பேப்பர்ல பாத்து நானும் அழுதன். உங்களோட கதைக்கப் பயமா இருந்திச்சு. 'நாங்க செய்யல்ல' எண்டு சொல்லவும் வெக்கம். சொல்லாம இருக்கவும் ஏலா."

சுனாமியில் ராத்தா தன் உம்மாவையும் ஐந்து வயது மகளையும் இழந்தவர். தண்ணீரில் மௌத்தானவர்கள் ஷஹீத் என்று மார்க்கத்தில் சொல்லியிருப்பது தனக்கு ஆறுதல் என்றார். ஆனால், "ஏன் எண்ட புள்ள எண்டு மனசு இன்னும் கேக்குது. ஐயூப் நபி ஒண்டும் கேக்காமப் பொறுத்தவர். எனக்கு அந்தப் பொறும இல்ல" என்றார்.

"எங்கட வேதத்தில அவர் யோபு. அவர் நல்லாக் கேட்டவர் ராத்தா. புத்தகம் முழுக்கக் கேட்டவர். கடைசியில கடவுள் கோபிச்சது அவரோட இல்ல, விளக்கம் சொன்ன கூட்டாளிமாரோடதான்" என்றேன்.

ராத்தா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப கேக்கலாம்" என்றார்.

யோபுவின் நண்பர்கள் நல்லதும் ஒன்று செய்தார்கள். ஏழு இரவும் ஏழு பகலும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பேசத் தொடங்கியபோதுதான் கெடுத்தார்கள். துக்க வீட்டில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் ஒரு பட்டப்படிப்பிலும் கிடைக்காது.

மௌனம் எல்லாவற்றுக்கும் அல்ல

ஆனால் பேச வேண்டிய இடமும் உண்டு. சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கடலோரம் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் தடை போட்டார்கள். நிலமே இல்லாத கல்முனை, சாய்ந்தமருது மக்கள் எங்கே போவார்கள்? தாய்வழியாக வந்த வளவுக்குப் பதிலாகக் கிடைத்த புதிய வீடுகள் பல, குடும்பத் தலைவர் என்ற பெயரில் கணவன்மாருக்கு எழுதப்பட்டன. நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் கட்டிய 500 வீடுகள் யாருக்கு என்ற வழக்கில் பல ஆண்டுகள் ஆளில்லாமல் கிடந்தன. இதெல்லாம் கடல் செய்தது அல்ல. கடவுளின் சித்தம் என்று சொல்லிப் பொறுத்திருக்க வேண்டியதும் அல்ல.

உயிர்த்த ஞாயிறு விடயத்திலும் அப்படித்தான். குண்டுதாரிகளை மன்னித்துவிட்டோம் என்று 2020 உயிர்த்த ஞாயிறன்று கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை சொன்னார். அதே ஆண்டகைதான் உண்மையை வெளிக்கொண்டு வாருங்கள் என்று ஓயாமல் கேட்டும் வருகிறார். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாதுகாப்பு அதிகாரிகள் சிலருக்கும் அவ்வாறே உத்தரவிட்டது. மன்னிப்பது என்றால் உண்மையைப் புதைப்பது அல்ல.

சாய்ந்தமருதில்

திரும்புமுன் ராத்தா என்னோடு சாய்ந்தமருது வரை வந்தார். 2019 ஏப்ரல் 26ஆம் திகதி இரவு, அங்கே ஒரு வாடகை வீட்டில் ஒளிந்திருந்த குழுத் தலைவரின் உறவினர்கள், படையினர் சுற்றிவளைத்ததும் குண்டுகளை வெடிக்க வைத்தார்கள். 15 சடலங்கள் மீட்கப்பட்டன. அவற்றுள் 6 சிறுவர்களுடையவை. காயத்துடன் ஒரு தாயும் சிறு மகளும் தப்பினார்கள். புதிதாக வந்தவர்கள்மேல் சந்தேகம் கொண்டு பாதுகாப்புத் தரப்புக்குச் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்களே. அவர்கள் சொல்லாதிருந்தால் இன்னும் எத்தனை ஆலயங்களில் அழுகை கேட்டிருக்குமோ?

அந்த ஆறு பிள்ளைகளைப் பற்றி நான் அதுவரை நினைத்ததே இல்லை. பெற்றவர்களே அவர்களைச் சாவுக்குக் கொண்டுபோனார்கள். சீயோன் முற்றத்தில் நின்ற பிள்ளைகளைப் போல அவர்களும் ஒன்றும் அறியாதவர்கள். திருச்சபை டிசம்பர் 28ஆம் திகதியை ஏரோது கொன்ற மாசற்ற குழந்தைகளின் நாளாக வைத்திருக்கிறது. சுனாமி நினைவு நாளுக்கு இரண்டு நாள் கழித்து அது வருகிறது. இம்முறை அன்று நான் ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றியபோது ராத்தாவின் மகளுக்கு ஒன்று, சீயோன் பிள்ளைகளுக்கு ஒன்று, இந்த ஆறு பேருக்கும் ஒன்று என்று ஏற்றினேன். மூன்றாவதை ஏற்றக் கை தயங்கியது. இருந்தும் ஏற்றினேன்.

சகோதரிகளே, உங்கள் அயலிலும் நீங்கள் போகாமல் விட்ட ஒரு வீடு இருக்கலாம். விளக்கம் ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை. போய் இருந்தால் போதும்.