முதல் படியும் கடைசிப் படியும்

படிக்கட்டுக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் சைட்டுக்கு வந்தேன். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி (2016) வீட்டுப் படியின் உயரம் 190 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கால் வைக்கும் மிதி 250க்குக் குறையக் கூடாது. பொதுக் கட்டடம் என்றால் 150, 300. உயரத்தை இரட்டித்து மிதியைக் கூட்டினால் ஓர் எட்டின் நீளம் வரவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்காரர் பிளாண்டெல் எழுதிவைத்தார். இன்று 600 முதல் 640 வரை வைத்துக்கொள்கிறோம். தேர்வுக்கு இது போதும்.

மதுரைப் பக்கம் எனக்குத் தொழில் பழக்கிய மேஸ்திரிக்கு எல்லாம் அங்குலம்தான். உயரம் ஆறு, மிதி பன்னிரண்டு. உயரத்தை இரட்டித்துக் கூட்டிப் பார்த்தால் 610 மில்லிமீட்டர் வருகிறது. பிளாண்டெல் பெயரை அவர் கேட்டதே இல்லை.

அவரோடு நான் வேலை பார்த்த ஒரு வீட்டில் தளத்துக்குத் தளம் 10 அடி. ஆறு அங்குலம் வைத்தால் 20 படி. வீட்டுக்காரரின் தாயார் 'லாபம், நஷ்டம்' என்று எண்ணிப் பார்த்துவிட்டு, லாபத்தில்தான் முடிய வேண்டும் என்றார். விதித்தொகுப்பில் லாப நஷ்டம் கிடையாது, ஆனால் அதைக் கேட்பதால் யாரும் விழப்போவதுமில்லை. 19 ஆக்கினோம். உயரம் 160 மில்லிமீட்டர், மிதி 11 அங்குலம். கணக்கு 600இல் நின்றது.

அதை அப்படியே சுவரில் குறிக்கப் போனேன். "இருங்க தம்பி, கீழ தரைக்கு எத்தனை கனம் ஏறும்? படிக்கு எத்தனை?" என்றார் மேஸ்திரி.

தரையில் கலவையும் டைல்ஸும் சேர்ந்து 2 அங்குலம். படியில் கிரானைட்டும் கலவையும் ஒன்றரை. கான்கிரீட்டில் எல்லாப் படியும் சமமாக இருந்தால், வேலை முடிந்தபின் முதல் படி அரை அங்குலம் குறையும், கடைசிப் படி அரை அங்குலம் கூடும். ஏறத் தொடங்கிய ஓரிரு படியிலேயே கால் அந்த உயரத்தைப் பழகிவிடும். பிறகு கண் படியைப் பார்ப்பதில்லை. கடைசிப் படி உயர்ந்திருந்தால் ஏறுகிறவருக்குக் கட்டைவிரல் இடிக்கும். இறங்குகிறவருக்கு முதல் எட்டே எதிர்பாராத பள்ளம், அது இன்னும் மோசம். அதனால் அவர் முதல் படியின் பலகையை அரை அங்குலம் தூக்கி, கடைசிப் படியில் அரை அங்குலம் குறைத்து அடிக்கச் சொன்னார். பலகை பிரித்ததும் பார்த்தவர்கள் படி கோணல் என்றார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கல் பதித்து முடிந்த பிறகு டேப் வைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம்.

வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டைல்ஸ், கிரானைட் எல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். படிக்குச் சென்ட்ரிங் அடிக்கும் முன்பே அவற்றின் கனத்தை முடிவு செய்து மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள்.