ஓடைக் கரையில் நட்ட குச்சி... சிட்னி அருகே ஒரு கூடார இரவு!

இரண்டு இரவுகள் தங்கத் திட்டமிட்டுக் காட்டுக்குப் போன குடும்பம், ஓர் இரவோடு கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டது. காரணம், 10 வயது மகள் ஓடைக் கரையில் நட்டுவைத்த ஒரு குச்சி!

மதுரையிலிருந்து போய், சிட்னியின் மேற்குப் புறநகரான டூங்காபியில் குடியேறிய குடும்பம் அது. ஆஸ்திரேலியாவில் காட்டை 'புஷ்' என்பார்கள். விடுமுறை வந்தால் கூடாரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி சகிதம் புஷ்ஷுக்குக் கிளம்பிவிடுவது அங்கே வழக்கம். பள்ளித் தோழிகள் சொன்ன கதைகளைக் கேட்டு மகள் நச்சரிக்க, ஒரு நீண்ட வார விடுமுறையில் இவர்களும் கிளம்பினார்கள்.

போன இடம், ப்ளூ மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் உள்ள யூரோக்கா. சிட்னியிலிருந்து சுமார் ஒரு மணி நேர கார் பயணம். 2000-ம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் இடம்பெற்ற மலைப்பகுதி இது. கிளென்புரூக் ஊரைத் தாண்டி, கிளென்புரூக் ஓடையின் தரைப்பாலத்தைக் கடந்துதான் யூரோக்காவுக்குப் போக வேண்டும். அங்கே காரை நிறுத்தியபோது, தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டாள் மகள். "நாளைக்கு வந்து பார்ப்போம்பா!"

கங்காருவுடன் ஒரு மாலை

யூரோக்கா, யூகலிப்டஸ் மரங்கள் சூழ்ந்த புல்வெளி. மரத்தடி நிழலில் கூடாரம் போடலாம் என்றார் அப்பா. ஆனால், யூகலிப்டஸ் மரங்கள் காற்றே இல்லாத நேரத்திலும் பெரிய கிளைகளை முறித்துப் போடும். அதனால், மரங்களிலிருந்து விலகி வெட்டவெளியில் கூடாரம் எழுந்தது. சாயங்காலம் கங்காருக்கள் மேய வந்தன. 6 வயது மகன் ரொட்டியை நீட்டப் போக, அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். வன விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாது என்பது பூங்காவின் விதி.

புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் காலியாகி, எல்லோரும் படுத்த பிறகு லேசாகத் தூறல். கூடாரத் துணியில் அது தட்டும் சத்தத்திலேயே பிள்ளைகள் தூங்கிப்போனார்கள்.

குச்சியைக் காணோம்!

காலையில் கூக்கபரா பறவைகளின் சிரிப்புச் சத்தத்தில் விழித்து, குச்சியைப் பார்க்கப் போனார்கள். நட்ட இடமே தண்ணீருக்குள் இருந்தது. தெளிவாக ஓடிய ஓடை, செம்பழுப்பாகக் கலங்கியிருந்தது.

"ராத்திரி வெறும் தூறல்தானே?" என்றார் அப்பா.

"இங்க தூறல், மேல மலையில என்ன மழையோ! வைகை அணையைத் திறந்துவிட்டா, மதுரையில ஒரு சொட்டு மழை இல்லாமலே யானைக்கல் தரைப்பாலம் முங்கும்ல? கிளம்பிடலாங்க."

இன்னோர் இரவுக்குக் கட்டிய பணம் அப்பாவை யோசிக்க வைத்தது. பூர்வகுடி மக்களின் பழைமையான கைத்தடங்கள் உள்ள 'ரெட் ஹேண்ட்ஸ்' குகையை அன்றுதான் பார்ப்பதாக இருந்தார்கள். மகன் அழுதே விட்டான். ஆனாலும், பாலத்தில் தண்ணீர் ஏறினால் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் காருக்குள் ஏறியது. பாலத்தைத் தண்ணீர் தொடுவதற்குள் கடந்துவிட்டார்கள்.

நீங்களும் போகிறீர்களா?

* முன்பதிவு அவசியம். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.
* கிளம்பும் முன் வானிலை அறிவிப்பையும், பூங்கா இணையதளத்தில் சாலை நிலவரத்தையும் பாருங்கள்.
* முழு நெருப்புத் தடை அறிவித்த நாளில் விறகு மூட்டக் கூடாது.
* வெள்ளம் ஓடும் பாலத்தில் காரை இறக்கவே கூடாது. வெள்ள உதவிக்கு 132 500, உயிருக்கு ஆபத்து என்றால் 000.

அன்று மாலை டூங்காபி வீட்டின் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஈரக் கூடாரத்தை கராஜில் விரித்துக் காயப்போட்டார் அப்பா. அதற்குள் புகுந்துகொண்ட மகன் கேட்டான், "இன்னிக்கு ராத்திரி இங்கேயே படுத்துக்கலாமா?"

நான்கு பேரும் அங்கேயேதான் படுத்தார்கள்.